பவளம் ஏன் வெளுத்தது?

"ஆறு மணிக்குள்ள நான் ஏமாத்துக்காரன் இல்லன்னு காட்டியாகணும்க்கா" என்றபடி உள்ளே வந்த ரபீக் உட்காரவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டே பேசினான்.

மதிவதனி இருபத்தாறு வருடம் வீடு வீடாகக் கரண்ட் மீட்டர் சோதித்து ஓய்வு பெற்றவள். கொக்கி போட்டுத் திருடியவனையும் திருடாமல் மாட்டிக்கொண்டவனையும் பிரித்துப் பழகியவள். திருவண்ணாமலையில் விளக்கு, கரண்ட் என்று வம்பு வந்தால் ஆட்கள் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

ரபீக்குக்கு மீன்தொட்டிக் கடை. வேங்கிக்காலில் சக்கரபாணி வீட்டுக் கூடத்தில் ஐந்தடிக் கடல்நீர்த் தொட்டி வைத்து, அதில் உயிருள்ள பவளங்களை வளர்க்க இரண்டு எல்இடி விளக்குகள் மாட்டியிருந்தான். பவளத்துக்கு வெளிச்சம்தான் சோறு. பத்து நாள் வெளியூர் போயிருந்த குடும்பம் நேற்றுத் திரும்பியபோது பவளம் வெளுத்துக் கிடந்தது. நாலு விளக்கு வேண்டிய இடத்தில் இரண்டை மாட்டி ஏமாற்றிவிட்டான் என்கிறார் சக்கரபாணி. அவர் நண்பரின் லாட்ஜில் இதைவிடப் பெரிய தொட்டி வருகிறது. யாருக்கு வேலை என்று ஆறு மணிக்கு முடிவு. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரபீக் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

"வெளிச்சம் பத்தலன்னா பவளம் என்ன ஆகும்?"

"பழுப்பாகும்க்கா. ஜாஸ்தியானாதான் வெளுக்கும். சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. ஆனா நான் கருவி வெச்சு அளந்து ஐம்பத்தஞ்சு பர்சன்ட்லதான் வெச்சேன். அது ஜாஸ்தியே இல்ல."

மதிவதனி செருப்பை மாட்டினாள். ஆட்டோக்காரன் அப்பாசாமி ஏற்கெனவே வண்டியைக் கிளப்பியிருந்தான். வம்பு என்றால் அவன் வாடகை கேட்க மாட்டான். பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோ ஊர்ந்தது. அதற்குள் அவன் குற்றவாளியையே பிடித்துவிட்டான்.

"சக்கரபாணிதான்க்கா. அவரே தண்ணில எதையோ ஊத்திட்டு..."

"ரோட்டப் பாருய்யா."

ரபீக் மணி பார்த்தான். ஐந்து மணி ஐந்து நிமிடம்.

சக்கரபாணி குவாரியில் சம்மட்டி பிடித்து மேலே வந்தவர். கை இன்னும் காய்த்துத்தான் இருந்தது. "இன்னா பாய், மிச்சம் ரெண்டு லைட்டத் தூக்கினு வந்தியா?" என்று வாசலிலேயே கேட்டார். அவர் மனைவி பொன்னி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

மதிவதனி தொட்டிக்கு முன் குத்துக்காலிட்டாள். மேல்தட்டுப் பவளம் முழுக்க எலும்பு நிறம். நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைக்கு அடியில், நிழலில், கைப்பிடி அளவு பவளம் ஒன்று பச்சையாக அசைந்தது.

"அப்பாசாமி, தண்ணில விஷம் கலந்தா எது வெளுக்கும்?"

"எல்லாமே."

"தண்ணி சூடேறினா?"

"அதுவும் எல்லாமே."

"வெளிச்சம் கம்மியானா, இருக்கறதுல இருட்டான எடம் முதல்ல வாடணும். இங்க இருட்டுல இருக்கறது மட்டும்தான் நல்லா இருக்கு. சார், விளக்கு பத்தாம இல்ல. ஜாஸ்தியா எரிஞ்சிருக்கு. இத யாரு கூட்டிக் குறைக்க முடியும்?"

"எங்க யாருக்கும் தெரியாது. எல்லாம் இவன் கடை போன்லதான்" என்றார் சக்கரபாணி.

ரபீக் போனைத் திறந்தான். திரையில் நேரத்துக்கு நேரம் வெளிச்சம் ஏறி இறங்கும் கோடு, மலை மாதிரி. மத்தியானம் இரண்டு மணிக்கு உச்சி. நூறு பர்சன்ட்.

"மாட்டிக்கினியே பாய்!" என்றான் அப்பாசாமி.

"சத்தியமா நான் தொடல. பத்து நாளா வேலூர்ல வேலை. நேத்துதான் வந்தேன். போன் ஜோயாகிட்ட இருந்துச்சு." ஜோயா அவன் மனைவி.

மதிவதனி போனை வாங்கி, கடைக்கு வந்த செய்திகளைத் தள்ளிப் பார்த்தாள். குடும்பம் ஊருக்குக் கிளம்பிய வெள்ளிக்கிழமை பொன்னி அனுப்பியது: 'ஏசி ரிப்பேர். தண்ணி சூடாவுது. தினம் ரெண்டு மணிக்கு லைட்டை மலையேத்திடுங்க.' கீழே ஜோயாவின் பதில்: 'ஏத்திட்டேன் ஆன்ட்டி.'

"பொன்னியம்மா, இதுக்கு இன்னா அர்த்தம்?"

"அணைச்சிடுங்கன்னுதான். வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெளக்க 'அணை'ன்னு எழுதக் கை வருமா?"

"எல்இடி லைட்டுக்குமாடி?" என்றார் சக்கரபாணி.

"வெளக்குன்னா வெளக்குதான்."

ரபீக் ஸ்பீக்கரில் மனைவியைக் கூப்பிட்டான். "ஜோயா, பொன்னியம்மா லைட்டை மலையேத்தச் சொன்னாங்களே, நீ இன்னா பண்ண?"

"ரெண்டு மணிக்கு நேரா இருந்த புள்ளியப் புடிச்சு அந்த மலை மாதிரி கோட்டோட உச்சிக்கு ஏத்துனேன். ஏங்க, பத்தலயா?"

அப்பாசாமிகூடச் சிரிக்கவில்லை.

"நம்ம வூட்ல ஆஃப் பண்ணுன்னுதானே சொல்லுவோம். அவளுக்கு எப்படித் தெரியும்?" என்று முணுமுணுத்த ரபீக், போனை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "சார், ரெண்டு லைட்டு பத்தும். ஆனா தப்பு எங்க கடை மேலதான். புரியலன்னா திருப்பிக் கேட்டிருக்கணும். இப்ப முப்பதுக்கு இறக்கறேன். தேறுறது தேறட்டும். மிச்சத்துக்கு நானே வேற வெச்சுத் தரேன்."

சக்கரபாணி குனிந்து பாறைக்கு அடியில் இருந்த அந்தப் பச்சைத் துண்டைப் பார்த்தார். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லாட்ஜ்காரருக்குப் போன் போட்டார்.

"பாய்க்கே குடு. எத்தினி லைட்டுன்னு அளந்து அவன் சொல்றதுதான் கணக்கு. ஆங்... ஒண்ணே ஒண்ணு. அவனுக்கு மெசேஜ் அனுப்புற வேலைய மட்டும் உன் வூட்டம்மாகிட்ட குடுத்துடாத."

பொன்னி காலி டம்ளர்களை அள்ளிக்கொண்டு விருட்டென்று உள்ளே போனாள்.