வரிசையில் கடைசி

பொத்தான் பச்சையானது. இயந்திரம் அசையவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள், திரையில் இருக்கும் பொத்தான்களுக்கு நிரல் எழுதியவள். அந்தப் பக்கம் சோதனைக் கூடத்தில், இரும்புத் தகடுகளை நசுக்கிப் பார்க்கும் இயந்திரத்தின் முன்னால் அவளுடைய அண்ணன், ஃபிட்டர். காலையில் பிடித்த மழை தகரக் கூரையில் விடாமல் கொட்ட, சூடான எண்ணெய் நாற்றமும் ஈர இரும்பின் வாடையும் கதவிடுக்கு வழியே வந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டன. ஒரு முறை ‘இறக்கு’ அழுத்தினால் இயந்திரம் ஒரு முறை இறங்கி ஏற வேண்டும். மறுபடி அழுத்தினாள். பச்சை. லிஃப்ட் வராத எரிச்சலில் அழுத்துகிறவர்களைப் போல அழுத்தித் தள்ளினாள்.

அந்தப் பச்சையை நம்ப முடியாது என்பது அவளுக்கே தெரியும். ஒரே மென்பொருளாக இருந்ததைச் சின்னச் சின்னச் சேவைகளாகப் பிரித்த பிறகு, கட்டளை அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் இயந்திரத்துக்குப் போகிறது. ஆமை வேகம் என்று மேனேஜர் கரித்துக்கொட்டவே, இயந்திரத்தின் பதிலுக்குக் காத்திராமல் உடனே பச்சை காட்டும்படி அவள்தான் மாற்றிவைத்தாள்.

அண்ணன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

“தகடு சிக்கியிருக்கும் போல பாப்பா. நிறுத்திடு, பாத்துடறேன்.”

‘நிறுத்து’ அழுத்தினாள். பச்சை.

“நிறுத்திட்டேண்ணா.”

வாய் முந்திக்கொண்டது. மெயின் ஸ்விட்ச் பக்கம் அவன் போகவே இல்லை. தங்கச்சி சொன்னால் அவனுக்குப் போதும். கதவு மூடியது. தலையையும் தோளையும் இயந்திரத்துக்குள் விட்டான்.

அவள் போன் அதிர்ந்தது. மாடியில் சர்வரைப் பார்த்துக்கொள்பவன்.

“மெஷினோட பேசற சர்வீஸ் படுத்துக் கெடந்துச்சு. எழுப்பிட்டேன். வரிசைல நின்ன கட்டளையெல்லாம் இப்ப மெஷினுக்குப் போயிடும்.”

வரிசை.

அவள் அழுத்திய அத்தனை ‘இறக்கு’களும். எல்லாவற்றுக்கும் பின்னால், ‘நிறுத்து’.

கதவுக்கு ஓடினாள்.

“அண்ணா, வெளிய வா.”

மழை இரைந்தது. மோட்டார் முனகியது. கதவை இழுத்தாள். திறக்கவில்லை. இயந்திரம் ஓடும்போது திறக்காது. பாதுகாப்புக்காக.

இறங்கியது.

எலும்பு நொறுங்கும் சத்தம். கண்ணாடியில் ரத்தம் தெறித்தது. கால்கள் உதைத்தன. ஓய்ந்தன.

ஏறியது.

கண்ணாடியைக் குத்தினாள். முட்டி கிழிந்தது.

இறங்கியது. ஏறியது. எத்தனை முறை அழுத்தினாள்? நினைவில்லை. இறங்கியது.

அவள் முதுகுக்குப் பின்னால் திரையில் ‘நின்றுவிட்டது’ என்ற சொல் பச்சையாக எரிந்தது. அந்த வெளிச்சம் கண்ணாடியில் வழியும் ரத்தத்தின் மேல் விழுந்துகொண்டிருக்க, உள்ளே, அண்ணனின் சட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, இயந்திரம் மறுபடி ஏறியது.