நம்பர் இல்லாத வண்டி, இரண்டு கடுதாசி

டமார்!

1958 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை. காலை 9.40.

சிவகாசியில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் நின்று யோசிப்பதில்லை. இட்லிக் கடையில் இருந்தவர்கள் எச்சில் கையோடு தெருவுக்கு ஓடி வந்தார்கள். தீப்பெட்டிக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள். புகை எங்கே?

புகை காலண்டர் அச்சகத்து வாசலில் இருந்தது. கைக்குட்டை அளவுதான். அங்கே நின்ற ஒரு பச்சை மோட்டார் சைக்கிளின் சைலன்சர்தான் ஊரையே எழுப்பியிருந்தது.

"வேட்டு இல்லம்மா, வண்டி! போய் வேலையப் பாருங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் சப்-இன்ஸ்பெக்டர் சோலைமலை. வண்டியின் கைப்பிடியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இரண்டு பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஆனைக்குட்டத்து விவசாயி கருத்தப்பாண்டி. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மற்றவன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக்காரன். பெயர் வெள்ளைத்துரை, ஊர் விருதுநகர் என்றான்.

வண்டியில் முன்னும் பின்னும் நம்பர் பலகை இல்லை. அது மாட்டுவதற்கான துளைகூட இல்லை.

"நம்பர் எங்கலே?"

"இனிமேத்தான் வாங்கணும்யா," என்றான் கருத்தப்பாண்டி. "ஆலங்குளத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரி வச்சிருந்தாகள்ல, தங்கச்சாமி அய்யா, அவுக பட்டாள ஏலத்துல எடுத்த வண்டி. குவாரிக்குள்ளேயேதான் ஓட்டுனாக. ஒரு நாளும் ரோட்டுக்கு வந்ததில்ல. நானும் ரோட்டுல ஓட்டலய்யா. மாட்டு வண்டியில ஏத்தித்தான் கொண்டாந்தேன்."

"மாட்டு வண்டியில மோட்டாரா?" கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்காதீக. உழவுமாடு ரெண்டையும் வித்து வாங்குனது. ஏத்திட்டு வந்ததுகூட வாடகை மாடுதான்."

"பிறகு சத்தம் எப்படி வந்துச்சு?"

"ஓடுமான்னு மேனேஜர் கேட்டாக. உதைச்சுக் காட்டினேன்."

அச்சகத்தின் மேனேஜர் ரத்தினச்சாமி படியில் நின்று தலையசைத்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். ஊர் ஊராகப் போய்க் காலண்டர் ஆர்டர் பிடிக்க அவர்களுக்கு ஓர் ஏஜெண்டு வேண்டும். சொந்த வண்டியோடு யார் வருகிறார்களோ அவருக்கு வேலை என்று முதலாளி கோடையிலேயே சொல்லியிருந்தார்; கடைசிக் கெடு வரும் திங்கட்கிழமை. அந்த வேலையை நம்பித்தான் கருத்தப்பாண்டி மாடுகளை விற்றான்; வண்டியோடு வியாழக்கிழமை வருவதாக மேனேஜரிடம் முன்பே சொல்லியும் இருந்தான்.

"அந்த வண்டி என்னோடது," என்றான் வெள்ளைத்துரை. "இவனுக்கு முன்னாலேயே நான் வாங்கியாச்சு. கடுதாசி இருக்கு."

"என்கிட்டயும் இருக்கு!"

"வெயில்ல எதுக்கு? உள்ள வாங்க, உக்காந்து பேசுவோம்," என்றார் மேனேஜர்.

காலை 10.05. மேனேஜர் அறை.

மை வாசனை மூக்கைத் துளைத்தது. மேசை நிறைய மாதிரித் தாள்கள். எதிர்ச் சுவரில் வேலும் மயிலுமாக முருகன் படம் போட்ட காலண்டர் ஒன்று பளபளத்தது.

"கண்ணைப் பறிக்குதே," என்றார் சோலைமலை.

"முதல் புரூஃப் சார். போன வாரம்தான் வந்துச்சு. சீசன் ஆரம்பிச்சிருச்சுல்ல, இனி நிக்க நேரம் இருக்காது."

இரண்டு கடிதங்களும் மேசைமேல் வைக்கப்பட்டன. இரண்டிலும் விஷயம் ஒன்றுதான்: ரோட்டில் ஓட்டாத, நம்பர் வாங்காத மோட்டார் சைக்கிளை முழுத் தொகையும் பெற்றுக்கொண்டு விற்றேன். கீழே தங்கச்சாமியின் கையெழுத்து.

கருத்தப்பாண்டியின் கடிதத்தில் இருந்த தேதி: 11-6-58, புதன்கிழமை.

வெள்ளைத்துரையின் கடிதத்தில் இருந்த தேதி: 28-5-58, வியாழக்கிழமை.

சோலைமலை இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தார். கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எதையோ எண்ணினார்.

"தங்கச்சாமியவே கேட்டுட்டா முடிஞ்சு போச்சு."

"அவுக ஜூலையில தவறிப்போனாகளே," என்றான் கருத்தப்பாண்டி. குரல் இறங்கியது. "தீப்பொறி குடுக்கிற மேக்னெட்டோ பழுதுன்னு கழட்டி விருதுநகர்ல குடுத்தேன். கைக்கு வர ரெண்டு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் வண்டி அங்கன குவாரிக் கொட்டகையிலேயே நின்னுச்சு."

"உன் கடுதாசிய எழுதினது யாரு?"

"நான்தான்யா. அய்யாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும்."

"உங்க கடுதாசி?"

"பஸ் ஸ்டாண்டுல மனு எழுதுற ஒருத்தர்," என்றான் வெள்ளைத்துரை.

"மே மாசமே வாங்கின வண்டிய இம்புட்டு நாளா ஏன் எடுக்கல?"

"வேலைப் பளு."

"வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுறீங்களா? வாசலுக்குள்ளேயே போதும்."

"கால்ல சுளுக்கு."

அச்சகத்து வாசலின் ஆறு படிகளையும் அவன் இரண்டிரண்டாகத் தாண்டி ஏறியதை சோலைமலை பார்த்திருந்தார். மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சாமி கையெழுத்து உங்களுக்குப் பழக்கமா?"

"வருஷா வருஷம் காலண்டர் ஆர்டர் குடுப்பாக. கடுதாசி இருக்கு, பாருங்க." மேனேஜர் இடுப்பிலிருந்த சாவியால் அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். கையெழுத்து இரண்டு கடிதத்திலும் ஒத்துப்போனது.

"இது கோர்ட்டுக்குத்தான் போகும்போல. செப்டம்பர் பத்துல வச்சுக்கிடலாம். அன்னைக்கு என்ன கிழமை?"

மேனேஜர் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். "வியாழன் சார்."

சோலைமலை அதையும் குறித்துக்கொண்டார். வண்டி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. தெரு முனை வரை கருத்தப்பாண்டி அதன் பின்னாலேயே நடந்தான்.

பிற்பகல் 3.30.

ஆலங்குளம் போயிருந்த கான்ஸ்டபிள் பெத்தணன் திரும்பினார். தங்கச்சாமியின் மனைவி பொன்னுத்தங்கத்துக்கு விவரம் தெரியவில்லை. "வித்தாச்சுன்னு வந்து சொன்னாக. யாருக்குன்னு நான் கேட்டுக்கிடல," என்றாராம்.

"பாதகமில்ல," என்றார் சோலைமலை. ஸ்டேஷன் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கேறித் தொங்கிய காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "வாரும், அச்சகத்துக்குப் போவோம்."

மாலை 4.00.

அதே அறை. அதே நாற்காலிகள். கருத்தப்பாண்டி மட்டும் உட்கார மறுத்துச் சுவரோரம் நின்றான்.

"நம்பர் வாங்கின வண்டின்னா சர்க்கார் புஸ்தகத்துல பேர் இருக்கும்," என்று தொடங்கினார் சோலைமலை. "இதுக்கு அது கிடையாது. இந்தக் கடுதாசிதான் இதுக்கு ஜாதகம். கள்ள ஜாதகம் எழுதுறதும் லேசு. மே இருபத்தெட்டுலருந்து ஜூன் பதினொண்ணு வரைக்கும் எத்தனை நாள், மேனேஜர்?"

"பதினாலு."

"சரியா ரெண்டு வாரம். அப்ப ரெண்டு தேதிக்கும் ஒரே கிழமைதானே வரணும்? ஒண்ணுல புதன், ஒண்ணுல வியாழன். ஒரு கடுதாசி பொய் சொல்லுது." ஸ்டேஷன் காலண்டரை மேசைமேல் விரித்தார். "ரெண்டுமே புதன்தான்."

வெள்ளைத்துரை உதட்டை நனைத்துக்கொண்டான். "மனு எழுதுறவரு கிழமைய மாத்திப் போட்டிருப்பாரு. கைப்பிசகு."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். காலையில மேனேஜர்கிட்ட செப்டம்பர் பத்து என்ன கிழமைன்னு கேட்டேன். வியாழன்னாக. அதுவும் புதன்தான். அதே பிசகு, அதே ஒரு நாள்."

எழுந்து போய்ச் சுவரிலிருந்த முருகன் காலண்டரின் அடியில் விரலை வைத்தார்.

"என்ன வருஷம் போட்டிருக்கு? ஐம்பத்தொன்பது. நாட்டுல எல்லாரும் இந்த வருஷத்துல இருக்கோம். இந்த அறையில மட்டும் அடுத்த வருஷம் தொங்குது. அதுல மே இருபத்தெட்டு வியாழன், செப்டம்பர் பத்தும் வியாழன். முதல் புரூஃப் போன வாரம்தான் வந்துச்சுன்னு நீங்களே சொன்னீக. அப்ப மே மாசக் கடுதாசிய எழுதினவரு, போன வாரம் வந்த காலண்டரை எப்படிப் பாத்தாரு?"

அடுத்த கட்டில் அச்சு இயந்திரம் தடதடத்தது.

"இது ஒரு வாரத்துக்குள்ள எழுதின கடுதாசி. கையெழுத்துக்கு மாதிரி அந்த அலமாரியில இருக்கு, சாவி உங்க இடுப்புல. கருத்தப்பாண்டி வண்டியோட இன்னைக்கு வருவான்னு தெரிஞ்சவரும் நீங்கதான். எழுதினது நீங்க, ரத்தினச்சாமி."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார்.

"எனக்கு எதுக்கு சார் இந்த வேலை? இந்த ஆள் யாரு, எவருன்னே எனக்குத் தெரியாது. இன்னைக்குக் காலையிலதான் மூஞ்சியப் பாக்கேன். லாக்கப்புல வச்சு ரெண்டு தட்டு தட்டுங்க, யார்கிட்ட எழுதி வாங்கினான்னு தானா வந்துரும்."

வெள்ளைத்துரை நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தான். சுளுக்கு மறந்துபோயிருந்தது.

"நல்லா இருக்கு அத்தான்! எனக்கு மோட்டார் ஓட்டவே தெரியாது, இந்த ஏஜெண்டு வேலை எனக்கு வேண்டாம்னு, இந்த மேசையில உக்காந்து நீங்க எழுதுறப்பவே சொன்னேனா இல்லையா?"