கடைசிச் சக்கரம்

தங்கை வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டின் பூட்டு கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டுத்தான் திறந்தது. கதவை இழுத்ததும் எலிப் புழுக்கை நாற்றமும் கெட்டுப்போன பெட்ரோல் நாற்றமும் சேர்ந்து மூக்கில் அடித்தன. உள்ளே நான்கு டயரும் தரையோடு படுத்துவிட, மூக்கு நசுங்கிய கறுப்புக் கார் குந்தி உட்கார்ந்திருந்தது. அவள் கணவன் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. வாங்கியபோதே பழையது. அவன் செத்த பிறகு பத்தொன்பது வருடமாக இங்கேயே கிடந்தது.

அவள் அண்ணன் மெக்கானிக். சுருதி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். தெருமுனையில் வரும் இன்ஜினின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு காது. வாய்தான் ஒரே ஒரு விஷயத்தில் பத்தொன்பது வருடமாகத் திறந்ததில்லை.

"இத ஓட்ற மாதிரி பண்ணிக் குடுண்ணே," என்றாள் தங்கை. "ஒரு தடவையாவது இதுல உக்காந்து, அவரு கடைசியாப் போன அந்த இறக்கத்துல போயிட்டு வரணும்."

"இரும்புக் கடைக்குப் போட வேண்டிய வண்டிம்மா இது."

"முடியலைன்னா சொல்லிடு. மெயின் ரோட்டுல புதுசா ஒரு மெக்கானிக் கடை போட்டிருக்கான். அவனக் கூப்பிட்டுக்கறேன்."

சுருதி உடனே ஒப்புக்கொண்டார். பாசமெல்லாம் இல்லை. டிரைவர் பக்கத்து முன் சக்கரத்தை வேறு எவனும் கழற்றக் கூடாது. அவ்வளவுதான்.

அந்தக் கதையை இங்கேயே சொல்லிவிடலாம்.

சுருதியும் தங்கை கணவனும், மச்சானும் மாப்பிள்ளையுமாக, கூட்டாகப் பட்டறை நடத்தினார்கள். பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்கும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து, காற்றும் ஆயிலும் பீறிட்டதும் மூட வேண்டும். கீழே இருப்பவர் 'மிதி' என்பார், 'விடு' என்பார். மேலே மிதிப்பது எப்போதும் மாப்பிள்ளைதான். அவன் வாயால் பதில் சொல்ல மாட்டான். விரலில் கிடந்த இரும்பு மோதிரத்தால் கதவில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் மிதித்தாயிற்று. இரண்டு தட்டு என்றால் விட்டாயிற்று.

ஒருநாள் மாப்பிள்ளை தனியாகப் பட்டறை வைக்கப் போவதாகச் சொன்னான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நாலு பேர் நிற்கும்போது, "காது மட்டும் இருந்தாப் போதுமா மச்சான், கையும் வேணுமில்ல," என்று சிரித்தான். அன்று மதியம் இதே காருக்குக் காற்று எடுத்தார்கள். கடைசிச் சக்கரமான டிரைவர் பக்கத்து முன் சக்கரத்தின் நிப்பிளை சுருதி ஸ்பேனர் போட்டு இறுக்கவில்லை. விரலால் திருகி விட்டுவிட்டார். வழியில் பிரேக் குறையும், பயந்துபோய் வண்டியைத் தள்ளிக்கொண்டு நம்மிடமே வருவான், கையின் அருமை தெரியட்டும் என்று கணக்குப் போட்டார்.

மாப்பிள்ளை வரவில்லை. நாலு மணிக்கு, வீட்டு இறக்கத்தில் மரத்தில் மோதிச் செத்தான். நசுங்கிய வண்டிதான் வந்தது.

அன்று மாலையே யாரும் பார்க்காத நேரத்தில் குறட்டால் நிப்பிளைக் கவ்வி இறுக்கினார். வெளியே வந்து, "தூங்கிட்டான் போல," என்று முதலில் சொன்னவரும் அவர்தான். சொந்தக்காரர்கள் அதற்குக் கை கால் முளைக்க வைத்துக் குடிபோதை என்றார்கள். குடியையே தொடாதவனுக்குக் குடிகாரன் என்று பெயர் நின்றது. சுருதி எதிலும் வாய் கொடுக்கவில்லை.

பத்து நாள் வேலை இழுத்தது. ஏர் ஃபில்டருக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. இறுகிப்போன இன்ஜினுக்குள் ஆயிலை ஊற்றி மூன்று நாள் ஊறவைத்து, கையால் சுற்றி இளக்கினார். டேங்கைக் கழற்றித் துருவைக் கழுவினார். டயர் புதிது, பேட்டரி புதிது. ஒன்பதாம் நாள் காலை இருமி, கறுப்பாகப் புகை கக்கி, இன்ஜின் உயிர் பிடித்தது. என்ன இருந்தாலும் தொழில்காரர். அந்தச் சத்தத்தில் அவருக்கு உச்சி குளிர்ந்தது.

பத்தாம் நாள் பிரேக். கடைசிச் சக்கரத்தைக் கழற்றியபோது உள்பக்கத் தகட்டில் பெயின்ட் நீளமாக அரித்துப்போயிருந்தது. பிரேக் ஆயில் ஒழுகிய தடம். நிப்பிளின் மேல் குறட்டின் பல் அப்படியே பதிந்திருந்தது. தடத்தை உப்புத்தாளால் தேய்த்து அழித்தார். நிப்பிளையும் மாற்றியிருப்பார், அந்த அளவில் புதிது கிடைக்கவில்லை.

மதியத்துக்கு மேல் தங்கையை சீட்டில் உட்கார வைத்தார். வானம் இருண்டுகொண்டு வந்தது. மரக்கட்டைகளின் மேல் நின்ற வண்டிக்கு அடியில் மல்லாந்து ஊர்ந்தார்.

"மிதிம்மா."

"மிதிச்சிட்டேண்ணே."

"விடு."

"விட்டுட்டேன்."

மூன்று சக்கரம் ஒழுங்காக முடிந்தது. கடைசிச் சக்கரத்துக்கு வந்தபோது தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கியது. தன் குரலே தனக்குக் கேட்காத சத்தம். ஸ்பேனரை நிப்பிளில் மாட்டிக்கொண்டு கத்தினார்.

"மிதி!"

டக்.

மழையில் கேட்காது என்று தட்டுகிறாள், கெட்டிக்காரி என்று நினைத்தபடியே நிப்பிளைத் திறந்தார். ஆயில் பீறிட்டது. மூடினார்.

"விடு!"

டக். டக்.

இந்தத் தட்டை இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அவர் கை நின்றது. விரல் முட்டியால் தட்டினால் ஒரு சத்தம். இரும்பு மோதிரத்தால் தட்டினால் இன்னொரு சத்தம். உலகத்தில் யார் காது ஏமாந்தாலும் அவர் காது ஏமாறாது. அந்த மோதிரம் மாப்பிள்ளையின் விரலோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

தலையை மெதுவாகத் திருப்பினார்.

ஷெட் வாசலில், வெளிச்சத்தில், தங்கையின் ஈரக் கால்கள் நின்றன.

"துணி நனையுதுன்னு எடுக்கப் போனேண்ணே," என்றாள். "நீ நிறுத்தாத. அவரு மிதிக்கறாரு பாரு."

டக்.

அவர் 'மிதி' என்று சொல்லவே இல்லை.

நிப்பிளிலிருந்து ஆயில் தானாக வழிந்தது. இறுக்கினார். ஸ்பேனர் சுற்றியது, நிப்பிள் இறுகவில்லை. தலைக்கு மேலே பெடல் அடிவாங்கத் தொடங்கியது. தப். தப். தப். தப். ஒவ்வொரு மிதிக்கும் முகத்தில் ஆயில் தெளித்தது. காலையில் ஊற்றியது தண்ணீர் மாதிரி தெளிந்த ஆயில். இப்போது வந்தது கறுத்து, பழையதாய் நாறியது.

புழுவாய் நெளிந்து வெளியே வந்தார். சீட்டில் யாருமில்லை.

பெடல் மட்டும் தரை வரை போய் மேலே வந்தது. வெறி பிடித்த மாதிரி, மறுபடியும், மறுபடியும்.

"மணி நாலு ஆச்சில்ல," என்றாள் தங்கை. ஈரத் துணிகளை நெஞ்சோடு அணைத்திருந்தாள். "தினம் இதே நேரம்தான். எலின்னு நெனச்சேன். போன மாசம் அந்தப் புது மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து கேக்கச் சொன்னேன். பிரேக் பிடிக்காத வண்டில பெடலப் போட்டு மிதிக்கற சத்தம்னான். தூங்கறவன் பிரேக்க மிதிப்பானாண்ணே?"

பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட நாலு மணிக்கு இந்த வீட்டில் அவர் இருந்ததில்லை. ஏதாவது சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுவார். இன்று மழை இருட்டில் நேரம் போனது தெரியவில்லை.

"விரலால திருகிட்டு விட்டுட்டேன்," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "கொஞ்சம் பயப்படட்டும்னுதான்... சத்தியமா அவ்வளவுதான்."

பெடல் நின்றது.

"குடிகாரன்னு சொன்னாங்க," என்றாள் தங்கை. அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டுதான இருந்த. ஒரு வார்த்தை சொன்னியா?"

"மன்னிச்சிடும்மா."

"அவர்கிட்ட கேளு. பாதில எந்திரிக்காத, வேலைய முடி. இப்ப நீ மேல உக்காரு. கீழ அவரு பாத்துப்பாரு."

அவர் தரையைப் பார்த்தார். வண்டிக்கு அடியில் அவர் விட்டுவந்த ஸ்பேனர், சிமெண்டில் உரசியபடி, மெதுவாகச் சக்கரத்தை நோக்கி நகர்ந்தது.

ஓடினார். மழையில் வழுக்கி எழுந்து, வாசலில் நின்ற தன் வேனில் ஏறிக் கிளப்பினார். தன் கையாலேயே போன வாரம் பிரேக் பார்த்த வேன். அதை மட்டும் நம்பினார்.

இறக்கம் தொடங்கியது. மிதித்தார். பெடல் கெட்டியாக நின்றது. அவருக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது மிதிக்குப் பாதி வரை இறங்கியது.

காலுக்குக் கீழே, வேனின் தரைத் தகட்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. மழையிலும் தெளிவாகக் கேட்டது.

"மிதி மச்சான்."

மிதித்தார். தரை வரை போனது. மறுபடி மிதித்தார். மறுபடியும். மரம் வரும்வரை மிதித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள், நசுங்கிய வேனை இழுத்துவந்து தங்கை வீட்டு வாசலிலேயே நிறுத்தினார்கள். புது மெக்கானிக் அதன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தான்.

"பிரேக்குல ஒண்ணும் குறை இல்லக்கா. எல்லா நிப்பிளும் டைட்டா இருக்கு. ஒண்ண மட்டும் யாரோ ஸ்பேனர் இல்லாம குறடு போட்டு இறுக்கியிருக்காங்க. பல்லு பதிஞ்ச தடம் புதுசா இருக்கு." தயங்கினான். "தூங்கிட்டாரு போலக்கா."

"ஆமா," என்றாள் அவள். "தூங்கிட்டாரு."

நாலு மணிக்கு அவள் பின்கட்டுக்குப் போய் நின்றாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஷெட்டில் சத்தமில்லை.

சத்தம் வாசலிலிருந்து வந்தது.

தப். தப். தப். தப்.

அவள் நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டு, கேட்க உட்கார்ந்தாள்.