மகளின் கதவை இழுத்தபோது

மதியத்தில்தான் அந்தப் பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். வரிசையாக நின்ற கணினிகளைக் குளிர்விக்கும் காற்று இரைந்துகொண்டிருந்தது. ஈரச் சுவரும் சூடேறிய தூசியும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

நரம்பு அனுப்பும் ரசாயனம் வந்து ஒட்டினால் தசையிலுள்ள ஏற்பிப் புரதங்களின் நுண்கதவுகள் திறக்க வேண்டும். என் மகளுக்குப் பிறவியிலேயே அவை சரியாகத் திறப்பதில்லை. இமை தொங்கும், சாப்பாடு தொண்டையில் நிற்கும். மூச்சுத் தசையும் ஓய்ந்துவிட்டால் அவ்வளவுதான். கதவு எங்கே சிக்குகிறது என்று தெரிந்தால் மருந்து தேடலாம். அதனால் அவளுடைய கதவை அணு அணுவாகக் கணினியில் கட்டி, கற்பனை ஸ்பிரிங் ஒன்றை மாட்டி இழுத்துப் பார்த்தேன்.

அசையவில்லை. விசையைக் கூட்டினேன். எதிர்ப்பக்கம் இழுக்கும் விசையும் அதே அளவு கூடியது.

நான் நிறுத்தினேன்.

அது நிறுத்தவில்லை.

கணினி அறையைப் பார்த்துக்கொள்பவர் என் பின்னால் வந்து நின்றார். "புரோகிராம்ல தப்பா மேடம்?"

"இல்ல. அந்தப் பக்கம் நான் எதையுமே மாட்டல."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப அணைச்சிடுங்க. யாரோ உள்ள இருந்து பிடிச்சிருக்கிற மாதிரி இருக்கு."

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. என் பிள்ளையின் கதவைப் பிடித்துக்கொள்ள இது யார்? பல்லைக் கடித்துக்கொண்டு விசையை உச்சத்துக்கு ஏற்றினேன்.

காற்றின் இரைச்சல் நின்றது.

திரையில் கதவு அகலத் திறந்தது.

உடனே போன் அடித்தது. வீட்டிலிருந்து மகள். "அம்மா, கண்ணு முழுசா திறந்துடுச்சும்மா. கண்ணாடியில பாத்துக்கிட்டே இருக்கேன்."

நான் நாற்காலியில் சரிந்து அழுதேன். அழுதுகொண்டே ஸ்பிரிங்கைக் கழற்றினேன். இழுக்க ஆளில்லாத கதவு திரும்ப மூடிக்கொள்ள வேண்டும். மூடவில்லை. இப்போது எதிர்ப்பக்க விசை அதைத் திறந்து பிடித்திருந்தது.

"மேடம்," என்றார் அவர். திரையைக் காட்டியபடி பின்வாங்கினார்.

நானே மின்சாரத்தைத் துண்டித்தேன். திரை இருண்டது.

"அம்மா," போனில் அவள் குரல் கிசுகிசுத்தது. "மூட வரலம்மா. எரியுது."

விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினேன். கட்டிலில் அசையாமல் படுத்திருந்தாள். விரிந்த கண்களின் ஓரம் நீர் வழிந்தது.

"ஒண்ணும் இல்லடா. அம்மா மூடிவிடுறேன்."

விரல் நுனியால் அவள் இமையை மெல்லக் கீழே இழுத்தேன்.

யாரோ மேலே இழுத்தார்கள்.