யாரும் வரவில்லை என்றது பெட்டி

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் செனட்டரைக் காணவில்லை என்று தகவல் வந்தது.

மொன்டானாவின் அந்தக் கோடியில் இதற்காக யாரும் வாஷிங்டனைக் கூப்பிட மாட்டார்கள். செனட்டர் என்பது ஜோலீன் ஹௌகனின் பொலிகாளை. கறுப்பு ஆங்கஸ், ஒரு டன் எடை. பதவியின் பெயர் இருந்தும் வேலை செய்கிறவர்.

ஷெரீப் அலுவலக டெபுடி மார்லிஸ் குவாலே போய் இறங்கியபோது, வீட்டு முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் பசுக்கள் முதல் பந்திக்கு முண்டுவதுபோல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.

"நேத்து முழுக்க பில்லிங்ஸ்ல, பொண்ணு வீட்ல இருந்தேன்" என்றாள் ஜோலீன். "ஏழு மணிக்கு வந்து மேய்ச்சல் கேட்டைத் தொறந்தேன். என்னையே மிதிச்சிட்டு ஓடி வருதுங்க. செனட்டர் மட்டும் இல்ல."

"கவலையே வேணாம், ஆபீசர்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பிரஸ்காட் வெய்ன்ரைட். ஜோலீனின் மாடுகளுக்குக் கண்காணிப்புக் கருவிகளை விற்று மாட்டியவர். அவருடைய அகலத் தொப்பியில் கடை மடிப்பு இன்னும் போகவில்லை. அவர் பூட்ஸ் சாணியை மிதித்ததற்குச் சரித்திர ஆதாரம் எதுவும் கிடையாது. நீட்டிய அட்டையில் 'கால்நடைத் தொடர்பியல் எதிர்கால வல்லுநர்' என்றிருந்தது. நிகழ்காலத்துக்கு அவரிடம் அட்டை இல்லை.

"இவங்க போன் பண்ணின அரை மணியில கண்டுபிடிச்சுட்டேன்" என்று செனட்டரின் கழுத்துப்பட்டையைத் தூக்கிக் காட்டினார். கீறல் இல்லை, பூட்டு மட்டும் திறந்திருந்தது. "பக்கத்துப் பண்ணை ஆர்விட் சோல்பெர்க்கோட ஓடைக்கரையில தொங்கிச்சு. காளை எங்கேன்னு அவரைக் கேளுங்க."

ஆர்விட் எழுபதைத் தாண்டியவர். போன மாதம் பண்ணையாளர் கூட்டத்தில், ஊருக்கே இந்தக் கருவிகளை வாங்கும் பேச்சு வந்தபோது, "என் மாட்டை எண்ண எனக்குக் கண்ணு இருக்குய்யா" என்று எழுந்து, தீர்மானத்தையே ஒத்திப்போட வைத்தவர். மாடு திருடினான் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் அந்தக் கவுண்டியில் அவருக்கு அப்புறம் காபிகூட யாரும் ஊற்றமாட்டார்கள்.

ஜோலீன் தணிந்த குரலில் சொன்னாள்: "என் புருஷன் செத்த வருஷம் என் வைக்கோலை அறுத்துப் போட்டவர், மார்லிஸ், அவரு. அவரே இதைப் பண்ணியிருந்தா, இனிமே நான் யாரை நம்பறது?"

வெய்ன்ரைட்டின் கையிலிருந்த கருவித் திரையை மார்லிஸ் பார்த்தாள். "காளைக்குக் காதுலயும் ஒரு வில்லை உண்டே?"

"அதுவா?" வெய்ன்ரைட் சிரித்தார். "புளூடூத். முப்பதடி தாண்டாது. முற்றத்துல தொட்டிகிட்ட வெச்ச பெட்டி, இல்ல இவங்க போன், பக்கத்துல இருந்தாத்தான் கேட்கும். விளையாட்டுச் சாமான். கழுத்துப்பட்டை அப்படியில்ல. லோரா! நெடுந்தூர ரேடியோ. பத்து மைல் பேசும்."

"ஓயாம பேசுமோ?"

"அரை மணிக்கு ஒரு தடவை. தந்தி மாதிரி நாலு வார்த்தை. பாட்டரி வருஷக்கணக்கா வரும்."

நாலு வார்த்தையில் முடித்துக்கொண்டு பத்து மைல் போவது மனிதருக்குக்கூட வாய்க்காத குணம் என்று மார்லிஸ் மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். தொட்டியோரத்துப் பெட்டி அதைவிடச் சமர்த்து. தண்ணீர் குடிக்க வரும் காதுகள் கிசுகிசுப்பதைக் கிட்டே இருந்து கேட்கும். கேட்டதைச் சுருக்கி, அதே நெடுந்தூர அலையில் ஏற்றி, ஊரில் தானியக் களஞ்சியத்தின் உச்சியிலுள்ள ஆண்டெனாவுக்கு அனுப்பும்.

"நேத்து மத்தியானத்துல இருந்து 'யாரும் வரவில்லை, யாரும் வரவில்லை'ன்னே அனுப்பியிருக்கே?" என்று மார்லிஸ் திரையைக் காட்டினாள்.

"பழுது" என்றார் வெய்ன்ரைட். "அதை விடுங்க."

அப்போது ஆர்விட்டின் பிக்கப் வண்டி வந்து நின்றது.

"நேத்து எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"வைக்கோல் காட்டுல."

"யாரு பார்த்தா?"

"கடவுள். சம்மன் அனுப்பிப் பாரும்மா, வர்றாரான்னு."

"கேலி வேணாம் ஆர்விட். உங்க ஓடையிலதான் பட்டை கிடைச்சது."

கிழவர் ஜோலீனைப் பார்த்தார். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மார்லிஸ் கேட்டாள்: "ஜோலீன், ஊருக்குப் போறப்போ மேய்ச்சல் கேட் எப்படி இருந்துச்சு?"

"தொறந்துதான். கோடை பூரா தொறந்தே கிடக்கும். இல்லாட்டி மாடு தண்ணிக்கு எப்படி வரும்?"

"இன்னைக்குக் காலையில?"

"சங்கிலி போட்டு மூடி..." ஜோலீன் நிறுத்திக்கொண்டாள்.

"அதான்" என்றாள் மார்லிஸ். "பெட்டி பழுதில்ல. செத்த பெட்டி ஒண்ணுமே சொல்லாது. 'யாரும் வரல'ன்னு அரை மணிக்கொரு தரம் சொல்லாது. ஏழு மணிக்கு இவ கேட்டைத் தொறந்த உடனே அத்தனை பசுவையும் பேர் பேரா எண்ணியிருக்கு, திரையைப் பாருங்க. வேகாத வெயில்ல ஒரு மாடுகூட தண்ணிக்கு வரலைன்னா, வர முடியலைன்னு அர்த்தம். மத்தியானம் யாரோ காளையை வண்டியில ஏத்தி, வெளியே வந்து, மரியாதையா கேட்டை மூடிட்டுப் போயிருக்காங்க."

"அதனால?" என்றார் வெய்ன்ரைட்.

"கேட் எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போகணும். இங்க நடக்கப் பழகற பிள்ளைக்கும் அது தெரியும். ஆர்விட் செனட்டரையே திருடினாலும் திருடுவார், ஒரு பேச்சுக்குச் சொல்றேன்..."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் ஆர்விட்.

"ஆனா தொறந்து கிடக்கிற கேட்டை மூட அவருக்குக் கை வராது. மூடறவங்க டவுன்ல நல்லா வளர்ந்தவங்க. அப்புறம் இந்தப் பட்டை. யாரும் அறுக்கல, சாவி போட்டுத் தொறந்திருக்கு. எத்தனை சாவி ஜோலீன்?"

"ரெண்டு. ஒண்ணு என் சாவிக்கொத்துல, என்கூட பில்லிங்ஸ் வந்துச்சு. இன்னொண்ணு..."

எல்லோரும் தொப்பியைப் பார்த்தார்கள். தொப்பி எங்கோ தூரத்தில் மலையைப் பார்த்தது.

நால்வரும் ஊருக்குப் போனார்கள். விளக்கடியில்தானே இருட்டு. தானியக் களஞ்சியத்தின் காலடியில், ஆண்டெனாவுக்கு நேர் கீழே, வெய்ன்ரைட் வாடகைக்கு எடுத்த 'ஆய்வு மையம்' ஒரு பழைய கொட்டகை. மார்லிஸ் ஜோலீனின் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அதை நோக்கி நடந்தாள். நாற்பதடியில் மௌனம். முப்பதடியில் போன் கீச்சிட்டது. திரையில் ஒரே பெயர்.

பத்து மைல் பேசுவதைக் கழற்றி ஓடையில் மாட்டியவர், முப்பதடி பேசுவதைப் பொருட்படுத்தவே இல்லை.

"அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி, இந்தக் கருவியால காளையை நானே கண்டுபிடிச்ச மாதிரி..." என்று வெய்ன்ரைட் முனகினார். "யாருக்கும் நஷ்டம் வராது..."

"எனக்கு வந்திருக்கும்" என்றார் ஆர்விட்.

ஜோலீன் அவர் அருகில் போய் நின்றாள். "ஆர்விட், நான்..."

"விடு. எனக்கே ஒரு நிமிஷம் என் மேல சந்தேகம் வந்துடுச்சு." அவர் போனை எட்டிப் பார்த்தார். "அந்த முற்றத்துப் பெட்டியை மட்டும் வாங்கலாம். பொய் சொல்லத் தெரியல அதுக்கு."

மார்லிஸ் விலங்கு மாட்டி வெளியே நடத்தியபோதும் வெய்ன்ரைட்டின் வளர்ப்பு விட்டுக்கொடுக்கவில்லை. கட்டிய கைகளாலேயே கதவைப் பின்னால் சாத்தப் போனார்.

"தொறந்தே இருக்கட்டும்" என்றாள் மார்லிஸ். "பின்னாடி செனட்டர் வர்றார்."