காணாமல் போன முட்டைத் தீவு

காலை எட்டரை மணிக்கு லாயரம்மா தன் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூடினார். ஒருவேளை கண்தான் ஏமாற்றுகிறதோ என்று மறுபடி திறந்தார். இரண்டாவது தடவையும் அது காலியாகத்தான் இருந்தது.

டேப்லெட்டைக் காணவில்லை.

பதினொரு மணிக்குக் கோர்ட். நாற்பது சொச்சம் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு வீடியோ கேம் கம்பெனி மேல் போட்ட வழக்கு. விளையாட்டின் பெயர் 'முட்டைத் தீவு'. பிள்ளைகள் சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் மறந்து அதிலேயே விழுந்து கிடக்கும்படி திட்டம் போட்டு அதைச் செய்திருக்கிறார்கள் என்பது புகார். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் டேப்பை இன்று நீதிபதி முன்னால் திறந்து, எந்தெந்த நாளில் எவ்வளவு நேரம் விளையாட்டு ஓடியது என்று இரண்டு தரப்பும் பார்க்க வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி, கம்பெனி தரப்பு மனுவோடு தயாராக நின்றது.

லாயரம்மா தலையில் கை வைக்கவில்லை. போனில் கை வைத்தார்.

எதிர்த்தெரு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் நடந்தே வந்து சேர்ந்தார். ஒல்லியான பெண்மணி. கர்ச்சீப்பில் மூக்கைத் துடைத்தபடியே படியேறினார். மூன்று நாளாகச் சளி. ஸ்டேஷனில் அவருக்கு 'ஏனக்கா' என்று பெயர். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட 'ஏன்?' என்று கேட்பவர்.

"பூட்டு உடைஞ்சிருக்கா?"

"இல்ல மேடம். சாவி பேனா ஸ்டாண்டுல இருக்கும். அதைப் போட்டுத் திறந்து, எடுத்துட்டு, மறுபடி பூட்டி, சாவியை அங்கயே போட்டிருக்காங்க."

"ரொம்ப மரியாதையான திருடன். சாவி அங்க இருக்கறது யாருக்குத் தெரியும்?"

"நேத்து சாயங்காலம் இங்க இருந்த எல்லாருக்கும். அவங்க முன்னாடிதான் உள்ளே வெச்சேன்."

ஏனக்கா அறையைச் சுற்றிப் பார்த்தார். மேஜை மேல் விலை உயர்ந்த லேப்டாப் அப்படியே இருந்தது. ஜன்னல் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"டேப்ல சார்ஜ் இருந்ததா?"

"ஃபுல்லா இருந்தது. கோர்ட்ல அணைஞ்சு மானத்தை வாங்கிடக் கூடாதேன்னு நானே இங்க சார்ஜ் போட்டு, ஏறினதும் எடுத்து உள்ளே வெச்சேன். சார்ஜர்கூட பீரோவுக்குப் பின்னாடி பிளக்லயே..." என்றவர், "அதை இப்ப யார் கேட்டா! டேப்பைக் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம்" என்றார்.

ஏனக்கா பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தூசி. ஒரு செத்த கரப்பான். காலியான பிளக் பாயின்ட். ஒரு தும்மல் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நேத்து யார் யார் இருந்தாங்க?"

லாயரம்மா விரல் விட்டு எண்ணிச் சொன்னார். டேப்புக்குச் சொந்தக்காரியான பதின்மூன்று வயதுப் பெண். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அப்பா, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அம்மா, நீச்சல் பயிற்சியாளர். அப்புறம், சமரசம் பேச வந்த கம்பெனி வக்கீல். பேச்சு முறிந்ததும் எல்லாரும் ஒன்றாகக் கீழே இறங்கினார்கள். லாயரம்மா வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தபோது மூன்று பேர் திரும்ப மேலே வந்து போனார்கள். கம்பெனி வக்கீல் மறந்துபோன பேனாவுக்காக. கடைக்காரர் குடைக்காக. வாலு பாத்ரூமுக்காக. அதன்பின் கதவைப் பூட்டியாயிற்று.

"அந்த மூணு பேரையும் வரச் சொல்லுங்க. அம்மாவும் வரட்டும்."

கம்பெனி வக்கீல் முதலில் வந்தார். கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. பேச்சிலும் இல்லை.

"டேப் காணாமப் போனா உங்களுக்கு லாபம்தானே சார்?"

"நிச்சயமா."

"அப்ப நீங்கதானே எடுத்திருக்கணும்?"

"மேடம், ஊர்ல எவன் கேட்டாலும் முதல்ல என் பேரைத்தான் சொல்லுவான். அது தெரிஞ்சும் எடுக்க நான் என்ன பைத்தியமா? அதுவும் இல்லாம, அதைத் திறந்து பார்க்கணும்னு கேட்டதே நான்தான். பொண்ணு மூணு மாசமா தொடலைங்கறாங்க. அப்படியா இல்லையான்னு நானும் பார்க்கணும்ல?"

"ஏன்?"

"அவளே நினைச்சா விட்டுட முடியுதுன்னா, அப்புறம் என்ன அடிமைத்தனம்? அதான் எங்க வாதம்."

அடுத்து, வாலு குடும்பம். கடைக்காரர் உள்ளே வரும்போதே பொரிந்தார். சிவந்த கண்களுக்கு மேல் அழகான தங்க ஃபிரேம்.

"பாருங்க மேடம், தினமும் எத்தனை பிள்ளைங்க கண்ணு போய் என் கடைக்கு வருது தெரியுமா? என்ன பெரிய விளையாட்டு அது? நெத்தியில ஒரு கொம்பு, ஊதா கலர் றெக்கை, கழுத்துல தடவினா தும்முற ஒரு பிராணி. அதுக்காக என் பொண்ணு ராத்திரி எல்லாம் முழிச்சிருந்தா!"

"தும்முமா? என்னை மாதிரியா?" ஏனக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீங்க ஏன் சார் தூங்கல?"

"வழக்கு நாள் மேடம். கவலை இருக்காதா?"

"மூணு மாசமா டேப் யார்கிட்ட இருந்தது?"

"என் கடையில. பூட்டி வெச்சிருந்தேன். வீட்டுல வெச்சா மறுபடி அவ கை அதுல போயிடுமோன்னு பயம்."

இதற்குள் அம்மா பொறுமை இழந்தார். நீச்சல் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கிற குரல் அவருடையது. "என்னங்க, சுத்தி வளைச்சுப் பேசறீங்க! ஏய் வாலு, உண்மையைச் சொல்லு. பாத்ரூம் போறேன்னு நீதானே மேலே வந்தே?" என்று கேட்டபடி மகளின் பள்ளிப் பையைப் பிடுங்கி மேஜை மேல் கவிழ்த்தார். பென்சில்கள், சீப்பு, பாதி கடித்த பிஸ்கட், கசங்கிய கணக்குப் பேப்பர். டேப் இல்லை.

வாலுவின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நேராக நின்றாள்.

"அவ எடுக்கல!" என்று அப்பா கத்தினார்.

லாயரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஆகப் போகிறது.

ஏனக்கா வாலுவை மட்டும் ஜன்னலோரம் கூட்டிப் போனார். கீழே சிதறிய பென்சில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"விளையாட்டை விடறது கஷ்டமா இருந்ததா?"

"முதல் ரெண்டு வாரம் கை சும்மாவே இருக்காது ஆன்ட்டி. சனிக்கிழமை கவுன்சலிங் அக்காகிட்ட போவேன். அங்க என்னை மாதிரி நிறைய பேர். இப்ப பரவாயில்ல."

"திரும்ப ஒரே ஒரு தடவை பார்க்கணும்னு தோணவே இல்லியா?"

வாலு கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல யோசிக்கிற மாதிரி இல்லை. சரியாகச் சொல்ல யோசிக்கிற மாதிரி இருந்தது.

"தோணும். ஏன்னா ராத்திரி பகலா நான் அடைகாத்த ஒரே முட்டை, நான் விட்டப்ப இன்னும் முட்டையாதான் இருந்தது. பொரியறதுக்குள்ள டேப்பைக் குடுத்துட்டேன். உள்ள என்ன இருந்ததோ!"

"மத்தவங்களுக்கு வந்தது மாதிரிதானே உனக்கும் வந்திருக்கும்?"

"இல்ல ஆன்ட்டி. ஒவ்வொரு முட்டையிலயும் ஒவ்வொண்ணு வரும். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அதுதான் அதுல மாயமே. பொரியற வரைக்கும் யாருக்கும் தெரியாது."

ஏனக்காவுக்கு அன்று காலை முதன்முறையாக மூக்கு அடைப்பு விட்டது போலிருந்தது. சிரித்தபடி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார்," என்றார் கடைக்காரரிடம், "அதோட றெக்கை ஊதா கலர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கடைக்காரரின் கை தங்க ஃபிரேமைச் சரிசெய்யப் போனது.

"உங்க பொண்ணு கைவிட்டப்ப அது வெறும் முட்டை. அதுக்குள்ள இருந்த பிராணியை அவளே பார்த்ததில்ல. உங்களுக்கு மட்டும் கொம்பு தெரியுது, றெக்கை தெரியுது, எங்க தடவினா தும்மும்னுகூடத் தெரியுது. பொரிஞ்சதுக்கு அப்புறம் யாரோ அதை உட்கார்ந்து வளர்த்திருக்காங்க. டேப் இருந்தது உங்க கடையில."

"அட, இதுக்காகவா..." என்று லாயரம்மா தொடங்கினார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு மேடம். சார்ஜரை யாருமே கண்டுக்கல. ஆதாரத்தை அழிக்க வர்றவன் டேப்பை எடுத்து ஆத்துல போடுவான். விக்கறதுக்கு எடுக்கறவன் லேப்டாப்பையும் சேர்த்துத் தூக்கியிருப்பான். இவரோ ஃபுல்லா சார்ஜ் ஏறின டேப்பை எடுத்துட்டு, அவசரத்துலயும் பீரோவுக்குப் பின்னாடி குனிஞ்சு சார்ஜரைக் கழட்டிட்டுப் போயிருக்கார். விடிய விடிய விளையாடணும்னு நினைக்கிறவனுக்குத்தான் அது வேணும். அந்தக் கண்ணைப் பாருங்க. கவலையில முழிச்ச கண்ணா அது?"

நீச்சல் பயிற்சியாளர் கணவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தக் குரல் முதன்முறையாகத் தாழ்ந்து வந்தது. "என்னங்க?"

கடைக்காரர் தங்க ஃபிரேமைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கண்ணாடி இல்லாத முகத்தில் அவர் இன்னும் சின்னவராகத் தெரிந்தார்.

"என்னதான் இருக்கு அதுலன்னு பார்க்கத்தான் திறந்தேன். சத்தியமா. முட்டை பொரிய இன்னும் ஒரு மணி நேரம்னு காட்டிச்சு. சரி, பார்த்துட்டு மூடிடலாம்னு உட்கார்ந்தேன். பொரிஞ்சது. அது என்னைப் பார்த்துத் தும்மிச்சு. அவ்வளவுதான், போச்சு. கடைக்கு வர்றவங்களுக்கு எல்லாம் ஸ்கிரீனைக் குறைங்கன்னு புத்தி சொல்லிட்டு, லென்ஸ் தேய்க்கிற ரூமுக்குள்ள போய்..." அவர் முடிக்கவில்லை. "இன்னிக்குத் திறந்து பார்த்தா மூணு மாசமா ஓடினது எல்லாம் தெரிஞ்சிடும். அந்தப் பயத்துலதான் எடுத்தேன்னு சொல்லிக்கறேன். ஆனா ராத்திரி அதுக்குச் சாப்பாடு வெக்கணுமேன்னும் இருந்தது. எது நிஜக் காரணம்னு எனக்கே தெரியல."

"டேப் எங்க சார்?"

"வண்டி சீட்டுக்கு அடியில. சார்ஜ் ஏறிட்டிருக்கு."

கம்பெனி வக்கீலுக்குச் சிரிப்பு பொங்கியது. இருமுவது போல் பாவனை செய்து அடக்கினார். வேறு யாரும் சிரிக்கவில்லை. வாலு அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"என் பையைக் கொட்டினப்ப நீ சும்மாதானே நின்னே?"

"அவ எடுக்கலன்னு கத்தினேனே கண்ணு."

"நான் எடுத்தேன்னு கத்தியிருக்கணும்ப்பா."

அப்பாவின் தலை குனிந்தது. அம்மா மெதுவாகக் குனிந்து, கொட்டிய பென்சில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மகள் பையில் போட்டார். பிஸ்கட்டையும்கூடப் போட்டார். "நானும் தப்புப் பண்ணிட்டேன்டி" என்றார்.

லாயரம்மா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "கேஸ் எழுதப் போறீங்களா?"

"டேப் யார் வாங்கினது?"

"அவர்தான்."

"சொந்தப் பொருளைத் திருடினவரை நான் எந்தச் சட்டத்துல பிடிக்கறது? நீங்க ஜட்ஜ்கிட்ட என்ன சொல்லணுமோ சொல்லிக்குங்க. அதுதான் இவருக்குத் தண்டனை." ஏனக்கா எழுந்து, போகிற போக்கில் ஒரு தும்மல் போட்டார். கடைக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பழக்கதோஷம்.

பதினொரு மணிக்குக் கோர்ட் நிரம்பி வழிந்தது. லாயரம்மா எதையும் மறைக்கவில்லை. டேப் மூன்று மாதமாக யாரிடம் இருந்தது, இன்று காலை என்ன நடந்தது எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டுக் கடைக்காரரைக் கூண்டில் ஏற்றினார்.

கம்பெனி வக்கீல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"பொண்ணு விட்டதுக்கு அப்புறமும் தினமும் விளையாட்டு ஓடியிருக்கு. விளையாடினது நீங்கதானே?"

"ஆமா சார்."

"அப்ப குற்றம் எங்க விளையாட்டு மேல இல்ல. உங்க குடும்பத்து மேல. அப்படித்தானே?"

கடைக்காரர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சார், இது பிள்ளைங்களை எப்படி வளைச்சுப் போடுதுன்னு உங்க மேல கேஸ் போட்டவனே நான். உள்ள இருக்கற தந்திரம் ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் காத்திருக்க வெக்கறது, பசியோட அழ வெக்கறது, வரலைன்னா கோவிச்சுக்கறது எல்லாம் தெரியும். வயசு நாற்பத்தாறு. அப்படி இருந்தும் என்னால எழுந்திரிக்க முடியல. என் பொண்ணு பதின்மூணு வயசுல, எதுவுமே தெரியாம மாட்டினா. அந்த விளையாட்டைவிடவும் எனக்கு அவளை நினைச்சாதான் ஆச்சரியமா இருக்கு. அவ எழுந்து வந்துட்டா."

கம்பெனி வக்கீல் அடுத்த கேள்விக்காகக் காகிதங்களைப் புரட்டினார். நிறையப் புரட்டினார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி தள்ளுபடி மனுவை ஏற்கவில்லை. வழக்கு தொடரும் என்றார். அதுவரை பிள்ளைகள் விளையாடும்போது அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பும் அழுகையும் இருக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டார். பின்வரிசையில் நாற்பது சொச்சம் குடும்பங்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. நீதிபதி மேஜையைத் தட்ட வேண்டியிருந்தது. தட்டும்போது அவரும் சிரித்தார் என்று வாலு வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை கவுன்சலிங் அறையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் குட்டி நாற்காலிகள். ஒன்றில் கடைக்காரர் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாலு.

"இவர் புதுசு. எங்கப்பா," என்று அறிமுகப்படுத்தினாள். "கத்துக்குட்டி. எல்லாரும் கொஞ்சம் பார்த்துக்குங்க."

எதிரே பல் விழுந்த ஒரு பொடியன் கையைத் தூக்கினான். "அங்கிள், நீங்க எத்தனாவது லெவல் வரைக்கும் போனீங்க?"

கடைக்காரரின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. முகத்தில் ஒரு பெருமை மின்னியது. சொல்ல வாயைத் திறந்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

மூடிக்கொண்டார்.

வாலுதான் முதலில் கை தட்டினாள்.