முதுகு காட்டிய ஊர்கள்

முதலில் திரும்பி நின்றவர் ஒரு கிழவர். சாலையோரப் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர், கார் வளைவில் தெரிந்ததுமே தாளை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். பின்னாலிருந்த வீட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி, மூக்கு உரசுகிற அளவுக்கு ஒட்டி நின்றார். கார் கடந்து போகும்வரை அசையவே இல்லை.

"அவசரம் போல, பாவம்," என்றாள் அண்ணி.

சிரித்த சிரிப்பில், கார் ஓட்டிக்கொண்டிருந்த நாத்தனார் இண்டிகேட்டருக்குப் பதிலாக வைப்பரைத் தட்டிவிட்டாள். இந்த நாட்டு வாடகைக் காரில் எல்லாமே இடம் மாறிக் கிடந்தன. நான்கு நாள் ஓட்டியும் கை பழகவில்லை. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று இரண்டு தடவை போய்வந்து நின்றது.

அண்ணி டிராயிங் டீச்சர். பாடப்புத்தகத்தில் தபால்தலை அளவுக்கு அச்சான ஓவியங்களைக் காட்டியே இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவள். அசலை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அண்ணனுக்கு ஓவியம் என்றால் காலண்டர்தான். அதனால் கார் ஓட்டத் தெரிந்த நாத்தனாரும் வழி பார்க்கத் தெரிந்த அண்ணியுமாகக் கிளம்பிவிட்டார்கள். மலையடிவாரத்தில் வரிசையாக நான்கு ஊர்கள், ஊருக்கு ஒரு பழைய கூடம், கூடத்துக்கு ஒரு சுவரோவியம். நான்கையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம் என்றது கையேடு.

முதல் கூடத்துச் சுவரில் ஒரு ஊர்வலம். மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் நாற்பது, ஐம்பது பேர், ஆளுயரத்துக்கு. எல்லோரும் முதுகைக் காட்டியபடி நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு முகம்கூட இல்லை.

"முகமே காட்டாம வரைஞ்சிருக்கான் பாரு. ஆனா அந்தத் தோளைப் பாத்தாலே தெரியுது, இவ களைச்சுப்போயிருக்கா. இவனுக்கு யார் மேலேயோ கோவம்," என்று அண்ணி ஒவ்வொரு முதுகாகச் சுட்டிக்காட்டினாள். அவளுக்கு அண்ணியின் சந்தோஷத்தைப் பார்க்கப் பிடித்திருந்தது. சுவரைப் பார்க்கத்தான் என்னவோ பிடிக்கவில்லை. ஈரச் சுண்ணாம்பு வாடைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. மூடிவைத்த அறையில் நிறையப் பேர் நெடுநேரம் மூச்சுவிட்ட வாடை.

இரண்டாவது ஊரில் ரொட்டிக் கடை வாசலில் ஆறு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். கார் நெருங்கியதும், யாரும் யாருக்கும் எதுவும் சொல்லாமல், ஆறு பேரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கடைக்காரி இரும்புக் கதவை இழுத்து மூடினாள். மாடி ஜன்னலில் துணி உதறிக்கொண்டிருந்தவள் துணியை அப்படியே கீழே நழுவவிட்டு முதுகைக் காட்டினாள்.

"நம்ம நிறம் பிடிக்கல போலிருக்கு, அண்ணி."

"பிடிக்கலைன்னா போகட்டும். நாம என்ன இவங்க வீட்டுல பொண்ணு எடுக்கவா வந்தோம்?"

அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் காரைப் பூட்டும்போது இருவரும் ஒட்டித்தான் நின்றார்கள்.

இரண்டாவது கூடத்தில் சாரம் கட்டி, அதன் மேல் ஒருத்தி உட்கார்ந்து, பஞ்சை நனைத்துச் சுவரின் அழுக்கை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். ஓவியங்களைச் செப்பனிடுகிறவள். இவர்கள் வணக்கம் சொன்னபோது அவளும் திரும்பவில்லை. சுவரில் அதே பாதை, அதே கூட்டம், அதே முதுகுகள்.

"இங்க பாரு," என்றாள் அண்ணி. "இந்தப் பொண்ணு மட்டும் திரும்பிப் பாக்குது. என்ன அழகான முகம்!"

அண்ணி காட்டிய இடத்தில் ஒரு பழுப்புச் சால்வை இருந்தது. அதற்கு மேல் பின்னந்தலை. அவள் கிட்டப்போய்ப் பார்த்தாள். பின்னந்தலைதான்.

சாரத்தின் மேலே பஞ்சு நின்றுவிட்டது.

"அவங்க என்ன சொல்றாங்க?" உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாள் செப்பனிடுகிறவள்.

"ஒரு முகம் தெரியுதுன்னு சொல்றாங்க."

"உனக்கு?"

"எனக்குத் தெரியல."

அண்ணி இன்னும் அந்தச் சால்வையிலேயே மூழ்கியிருந்தாள். பஞ்சிலிருந்து தண்ணீர் பலகையில் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, சுவரைப் பார்த்தபடியே, கெட்டியான குரலில் அவள் சொன்னாள்: "அடுத்த கூடத்துக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போகாதே. இந்த ஊர்ல நிக்கவும் நிக்காதே. போ."

"ஏன்?"

"போன்னு சொன்னேன்."

காரில் ஏறியதும் நாத்தனார் அண்ணியிடம் பொய் சொன்னாள். மூன்றாவது கூடத்தைப் பூட்டிவிட்டார்களாம், நேராக நகரத்துக்கே போய்விடலாம் என்றாள். அண்ணி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசுலேயே வராது."

"பயமா இருக்கு அண்ணி. போயிடலாம்."

"நான் இதுக்குத்தானே வந்தேன்? ஒரு சுவரைப் பாத்து என்ன பயம்?"

அதற்குப் பிறகு அண்ணி பேசவில்லை. கதவோரம் சாய்ந்து, ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மலையின் நிழல் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தது. மணி நான்குகூட ஆகவில்லை, அதற்குள் வெளிச்சம் நீர்த்துப்போயிருந்தது. அவள் ஓட்டினாள். அரை மணி நேரமாக அவள் ஓரக்கண்ணில் பட்டதெல்லாம் அண்ணியின் கொண்டையும் காதோரத்து நரையும்தான். கோபம் இத்தனை நேரம் அண்ணிக்குத் தாங்காது. இரண்டு தடவை "அண்ணி" என்று கூப்பிட்டாள். "ம்" என்றது கொண்டை.

பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டுவிட்டதால் நிறுத்தியே ஆகவேண்டியிருந்தது. வழியில் இருந்த மூன்றாவது ஊர். பங்க்கில் ஒரே ஒரு ஆள். காரைப் பார்த்ததும் அவன் குளிர்பானப் பெட்டியை நோக்கித் திரும்பிக்கொண்டான். அவளே குழாயை எடுத்துப் போட்டாள். ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மறுபக்கத்துக் கதவு மெல்லத் திறந்து மூடியது. கழிவறைக்கு என்று நினைத்தாள். குழாயை மாட்டிவிட்டுப் போய்ப் பார்த்தபோது கழிவறை வெளிப்பக்கமாகத் தாழிட்டிருந்தது.

"எங்க போனாங்க? என்கூட வந்தவங்க எங்க போனாங்க?"

அந்த ஆள் திரும்பவில்லை. பின்னோக்கி ஒரு கையை நீட்டி, தெருவுக்கு எதிர்ப்புறம் காட்டினான்.

தெரு முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள். சுவரோடு சுவராக, கதவோடு கதவாக. முதுகுகள். ஒரு இருமல்கூட இல்லை. அவற்றுக்கு நடுவே அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும்.

கூடத்தின் கதவு திறந்திருந்தது.

அதே வாடை. இப்போது வெதுவெதுப்பாக.

சுவரில் பாதை இருந்தது. மரங்கள் இருந்தன. ஆட்கள் இல்லை. ஒருவர்கூட இல்லை. அவர்கள் நின்ற இடமெல்லாம் வெறும் சுண்ணாம்பு.

சுவருக்கு எதிரே அண்ணி நின்றிருந்தாள். கொண்டை அவிழ்ந்து, முடி தோளில் விரிந்து கிடந்தது.

"அண்ணி. வாங்க, போயிடலாம்."

"இரும்மா. எவ்வளவு முகம் பாரு." குரல் அண்ணியுடையதுதான். கனிவாக, களைப்பே இல்லாமல் இருந்தது.

அவள் அண்ணியின் தோளைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்புக்கு அண்ணி திரும்பினாள். முடிதான் தெரிந்தது. சரியாகத் திரும்பவில்லை போலிருக்கிறது. அவள் தானே சுற்றி எதிர்ப்பக்கம் வந்தாள்.

முடி. முதுகு.

இன்னும் சுற்றினாள். இடப்பக்கம். வலப்பக்கம். மறுபடி சுவர்ப்பக்கம்.

முதுகு.

"எதுக்கும்மா இப்படிச் சுத்திச் சுத்தி வர்றே?" என்றது அண்ணியின் குரல். "நான் உன்னைத்தானே பாத்துட்டிருக்கேன்."

அவள் பின்வாங்கினாள். பின்னால் யார்மீதோ இடித்தது போலிருந்தது. திரும்பினாள். யாருமில்லை.

"எல்லாருமே உன்னைத்தான் பாத்துட்டிருக்கோம்."

அவள் கையை நீட்டினாள். நீட்டாமல் இருக்க முடியவில்லை. அண்ணியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் விரல்களை வைத்தாள். அடர்த்தியான, சூடான முடி. விலக்கினாள். அதற்கடியிலும் முடி. அதற்கும் அடியில், அவளுடைய விரல்நுனியில், ஒரு இமை மூடித் திறந்தது.